மாடு தின்னும் முன்னே தவணை தின்னலாமா?



வணிகர்களுக்கான இந்த ஏட்டில் ஒருவர் மாட்டைப் பற்றியும் மாட்டுக்காரர் வாங்கும் இயந்திரத்தைப் பற்றியும் எழுத வந்துவிட்டாரே என்று சிலர் நினைக்கலாம். சின்னசேலம் வட்டம் நைனார்பாளையத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகளாகத் தவிடு, புண்ணாக்கு, மக்காச்சோளம், கலப்புத் தீவனம் ஆகியவற்றில் மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். என்னிடம் மூட்டை எடுத்துச் சில்லறையில் விற்கும் மளிகைக் கடைக்காரர்கள் பலர். நேரடியாக வந்து மூட்டை தூக்கிப் போகும் மாட்டுக்காரர்களும் உண்டு. எங்கள் பக்கத்தில் மக்காச்சோளமும் கரும்பும் ஆண்டுக்கு ஒருமுறை பணம் காட்டும். மாதா மாதம் வீட்டை நடத்துவது பால்தான். சொசைட்டியில் பால் பணம் பட்டுவாடா ஆகும் நாளில்தான் எங்கள் ஊர்க் கடைகளில் பற்று தீரும். அந்தப் பணம் தட்டிவிட்டால் தீவன பாக்கி மட்டும் நிற்பதில்லை. அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு பாக்கியும் சேர்ந்தே நிற்கும்.

ஆகவே மாடு வளர்ப்பவர் கணக்கு வேறு, நம் கணக்கு வேறு என்று நாம் இருந்துவிட முடியாது. சமீப காலமாக என் பேரேட்டைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. நன்றாகப் பணம் கட்டிக்கொண்டிருந்த சிறு பண்ணைக்காரர்கள் சிலர் திடீரென்று தடுமாறுகிறார்கள். விசாரித்தால் மாடு சாகவில்லை, மழையும் பொய்க்கவில்லை. தவணைக்கு வாங்கிய ஏதோ ஓர் இயந்திரம் வாசலில் நிற்கிறது. அதைப் பற்றித்தான் மனம் விட்டு எழுத விரும்புகிறேன்.

பேரேடு முதலில் சொன்னது

என் வாடிக்கையாளர் ஒருவர். பெயர் வேண்டாம். எட்டு கறவை மாடு, மூன்று ஏக்கர் நிலம். பத்து ஆண்டுகளில் ஒருநாளும் அவரிடம் பாக்கி கேட்டு நான் ஆள் அனுப்பியதில்லை. மாதம் 19 மூட்டை தீவனம் எடுப்பார். 2023ஆம் ஆண்டில் ஒரு பழைய டிராக்டரும் ஒரு பால் கறக்கும் மெஷினும் தவணைக்கு வாங்கினார். மாலை போட்டுக் கோயிலுக்கு ஓட்டிப் போய், திரும்பும் வழியில் என் கடைக்கும் வந்து மிட்டாய் கொடுத்தார். நானும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து, "மொதலாளி, இந்த மாசம் பதினேழு மூட்டை போதும்" என்றார். அதற்கடுத்து பதினைந்து ஆயிற்று. மாடு ஏதும் விற்றாரா என்றால் இல்லை. பிறகு புண்ணாக்கைக் குறைத்துத் தவிட்டைக் கூட்டினார். அதற்கும் பாதிப் பணம்தான் கொடுத்தார். என் பேரேட்டில் இத்தனை ஆண்டு வெள்ளையாகக் கிடந்த அவர் பக்கம் சிவப்பு மையால் நிரம்பியது. ஒருநாள் வந்து உட்கார்ந்தார். "பாலு கொறஞ்சி போச்சி மொதலாளி, ஏன்னே தெரியல" என்றார்.

"தம்பி, எனக்குத் தெரியுது. உன் மாடு தின்ன வேண்டியத உன் தவணை தின்னுட்டு இருக்குது" என்றேன். அன்று அவரையும் வைத்துக்கொண்டு ஒரு தாளில் கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கை, எளிமைக்காக முழு எண்களாக்கி, இங்கே தருகிறேன்.

ஒரு தாள் கணக்கு

எட்டு மாட்டில் எப்போதும் எட்டும் கறவாது. இரண்டு வற்றுக்காலத்தில் நிற்கும். ஆறு மாடு, மாட்டுக்குச் சராசரி 8 லிட்டர் என்றால் நாளைக்கு 48 லிட்டர். ஆவின் பசும்பால் கொள்முதல் விலை 2022 நவம்பரில் லிட்டர் ரூ.32லிருந்து ரூ.35 ஆனது. 2023 டிசம்பரில் அதன்மேல் லிட்டருக்கு ரூ.3 ஊக்கத்தொகையும் அறிவித்தார்கள். பாலின் தரத்தைப் பொறுத்துக் கைக்கு வருவது கூடும், குறையும் என்பதால் நாம் ரூ.35 என்றே வைப்போம். நாளைக்கு ரூ.1,680. மாதம் ரூ.50,400.

தீவனம்: கறவை மாட்டுக்கு உடம்பைக் காக்க ஒன்றரைக் கிலோ, அதன்மேல் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ வீதம் என்பது பொதுவான கணக்கு. வற்று மாட்டுக்கும் சேர்த்தால் எட்டு மாட்டுக்கு நாளைக்கு 32 கிலோ வருகிறது. கிலோ ரூ.30 என்று வைத்தால் மாதம் ரூ.28,800. வைக்கோல், தட்டை, மருந்து, சினை ஊசி, கூலி, உழவு வாடகை எல்லாம் சேர்ந்து ரூ.12,000. ஆக மிச்சம் ரூ.9,600. அந்தக் குடும்பம் அரிசி வாங்குவதும், பிள்ளையைப் படிக்க வைப்பதும் இந்த ரூ.9,600இல்தான்.

இப்போது தவணையைப் பாருங்கள். டிராக்டர் ரூ.3 லட்சம், மெஷின் ரூ.60,000. மொத்தம் ரூ.3,60,000. 12 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுத் தவணை என்றால் மாதம் ஏறக்குறைய ரூ.12,000. மிச்சம் ரூ.9,600, தவணை ரூ.12,000. ஒரு கிலோ அரிசி வாங்குவதற்கு முன்பே ரூ.2,400 துண்டு விழுகிறது. மளிகைக் கடைக்காரர்களே, உங்கள் பாக்கி பிறக்கும் இடம் இதுதான்.

துண்டு விழுந்ததை எங்கே இழுத்துப் போர்த்துவார்? தவணை தேதி தள்ளாது. வட்டி ராத்திரியிலும் தூங்காது. வாயில்லாத ஜீவன் மட்டும்தான் கேள்வி கேட்காது. ஆகவே தீவனத்தில் கை வைக்கிறார். மாதம் ரூ.2,400 என்றால் நாளைக்கு 80 ரூபாய், அதாவது இரண்டரைக் கிலோவுக்குச் சற்று மேல். முன் சொன்ன கணக்குப்படி நாளைக்கு ஆறு லிட்டருக்கு மேல் பால் குறைய வேண்டும். அப்படியே குறையாது, மாடு தன் உடம்பைக் கரைத்துச் சில நாள் கொடுக்கும் என்று வையுங்கள். பாதி குறைந்தாலும் மூன்று லிட்டருக்கு மேல். மாதத்துக்கு ரூ.3,500 போகிறது. இரண்டாயிரத்து நானூறை மிச்சம் பிடிக்கப் போய் மூவாயிரத்து ஐந்நூறை விட்டார். அடுத்த மாதம் துண்டு இன்னும் பெரிதாயிற்று. உடம்பு கரைந்த மாடு பருவத்துக்கும் ஒழுங்காக வராது. அதன் நஷ்டம் இந்தத் தாளில் வரவே இல்லை.

விலையைக் கேட்காதீர்கள், நாளைக் கேளுங்கள்

கருவி வாங்கும்போது எல்லோரும் கேட்பது விலை எவ்வளவு, மானியம் உண்டா, தவணை எவ்வளவு என்பதைத்தான். என் கருத்து வேறு. முதல் கேள்வி, இது ஆண்டுக்கு எத்தனை நாள் வேலை செய்யும்? இரண்டாவது கேள்வி, இது ஒருநாள் இல்லாவிட்டால் மாடு பட்டினி கிடக்குமா, பால் கெடுமா? மூன்றாவது கேள்வி, இதே வேலை வாடகைக்கு நடக்குமா? இந்த மூன்றையும் கேட்டுவிட்டு அப்புறம் விலைக்கு வரலாம். மூன்று கருவிகளை இதில் வைத்துப் பார்ப்போம்.

புல் நறுக்கும் இயந்திரம். இரண்டு குதிரைத்திறன் மோட்டாருடன் ரூ.25,000 என்று வைப்போம். வருமான வரிக் கணக்கில் நாம் இயந்திரத்துக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் எழுதுகிறோம் அல்லவா, அதே 15 சதவீதம் போட்டால் ரூ.3,750. வட்டி 12 சதவீதம் ரூ.3,000. கத்தி தீட்டவும் பெல்ட் மாற்றவும் ரூ.2,000. நாளைக்கு ஒரு மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட், யூனிட் ரூ.8 வீதம் ஆண்டுக்கு ஏறக்குறைய ரூ.4,400. மொத்தம் ரூ.13,150. நாளைக்கு 36 ரூபாய். எட்டு மாடு நாளைக்கு 160 கிலோ பசும்புல் தின்கிறது. கோ 4, கோ 5 போன்ற கம்பு நேப்பியர் புல்லை முழுதாகப் போட்டால் மாடு இலையை இழுத்துத் தின்றுவிட்டுத் தண்டை மிதித்துப் போடும். அந்த வகையில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 32 கிலோ. கிலோ 3 ரூபாய் என்றால் 96 ரூபாய். 36 ரூபாய் செலவில் 96 ரூபாய் காப்பாற்றுகிறது, அதுவும் 365 நாளும். இதை யோசிக்காமல் வாங்கலாம். கால்நடைத் துறையில் மானியத்துக்கு அவ்வப்போது விண்ணப்பம் வாங்குகிறார்கள். உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் கேட்கச் சொல்லுங்கள். கை வைக்கும் இடத்தில் மூடி உள்ளதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். விரல் போனால் எந்தக் கணக்கும் நேராகாது.

பால் கறக்கும் மெஷின். இதில் நான் இரண்டு பக்கமும் பேசுவேன். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற என்பார்கள். ஆறு மாட்டைக் கையால் கறக்கத் தெரிந்த ஆள் வீட்டில் இருந்தால் மெஷின் அவசரம் இல்லை. ஆனால் பெரும்பாலான வீடுகளில் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து கறப்பது யார்? வீட்டுப் பெண்கள். என் வாடிக்கையாளர் வீட்டம்மாவுக்கு மணிக்கட்டு வலி. டம்ளரைத் தூக்கவே கஷ்டப்பட்டார். அந்த வீட்டுக்கு மெஷின் நியாயமான செலவு. தினம் இரண்டு வேளை வேலை செய்கிறது. அதன் பங்குத் தவணை மாதம் ரூ.2,000 மட்டுமே.

ஆனால் விற்பவர் சொல்லாத ஒரு செலவு அதில் உண்டு. காம்பைப் பிடிக்கும் ரப்பர் லைனரை ஏறக்குறைய 2,500 கறவைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஆறு மாடு, இரண்டு வேளை என்றால் நாளைக்கு 12 கறவை. ஏழு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டி வரும். பார்வைக்கு நன்றாகத்தானே இருக்கிறது என்று இரண்டு வருஷம் ஓட்டினால் மடிநோய் வந்து நிற்கும். மருந்துச் செலவு, கொட்டும் பால், கெட்டுப்போகும் காம்பு எல்லாம் சேர்ந்தால் பத்து ஜோடி லைனர் விலை போய்விடும். இரண்டு வேளையும் வெந்நீரில் கழுவும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழி இயந்திரத்துக்கு நன்றாகப் பொருந்தும். அந்த முக்கால் பணத்தையும் எடுத்து வைக்க முடிந்தவர் மட்டும் வாங்கட்டும்.

டிராக்டர். அவரிடம் ஓராண்டில் எத்தனை மணி நேரம் ஓட்டினாய் என்று கேட்டேன். யோசித்து, எண்ணிப் பார்த்து, 60 மணி நேரம் என்றார். வேளாண் பொறியியலில் டிராக்டருக்கு ஆண்டுக்கு 1,000 மணி நேரம் என்று வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம். இவர் ஓட்டியது அறுபது. தேய்மானம் ரூ.45,000, முதல் ஆண்டு வட்டி ரூ.36,000, காப்பீடு, ஆயில், பழுது ரூ.15,000. மொத்தம் ரூ.96,000. அறுபதால் வகுத்தால் மணிக்கு ரூ.1,600. டீசல் தனி. ஓட்டுபவர் கூலி இல்லாமல் இவரே ஓட்டினார். வாடகைக்குக் கூப்பிட்டபோது இவர் கொடுத்தது டீசல், ஓட்டுநர் எல்லாம் சேர்த்து மணிக்கு ரூ.1,200.

"வாடகை மிச்சம் ஆச்சே" என்றார். அதையும் பார்த்தோம். முன்பு ஆண்டுக்கு 30 மணி நேர உழவுக்கு ரூ.36,000 கொடுத்து வந்தார், மாதம் ரூ.3,000. இப்போது டீசலுக்கும் ஆயிலுக்கும் பழுதுக்கும் அதே ரூ.3,000 போகிறது. ஒரு ரூபாயும் மிச்சம் இல்லை. மேற்கொண்டு ஓட்டிய 30 மணி நேரம் என்ன வேலை என்று கேட்டால், டிராக்டர் இருக்கிறதே என்று ஓட்டிய ஓட்டம். மாதம் ரூ.10,000 தவணை முழுக்கவும் தண்டம். ஊராருக்கு வாடகைக்கு ஓட்டலாமே என்பார்கள். ஊரில் ஏற்கனவே வண்டிகள் இருக்கின்றன. அந்த வாடகையும் அறுவடைக்குப் பிறகுதான் வரும். இவர் வண்டியோடு போய்விட்டால் மாட்டை யார் பார்ப்பது?

வற்றிய மாடாவது தின்றதற்குச் சாணி போடும். நிற்கிற இயந்திரம் அதுகூடப் போடாது.

நானும் செய்த தவறு

ஊருக்கு உபதேசம் செய்வது எளிது. நானே இந்தக் குழியில் விழுந்தவன்தான். 2011இல் தீவனம் அரைத்துக் கலக்கும் இயந்திரம் ஒன்றைக் கடன் வாங்கிப் போட்டேன். எங்கள் பக்கம் மக்காச்சோளம் விளைகிறது, நாமே அரைத்துக் கலந்து விற்றால் மூட்டைக்கு நல்ல லாபம் நிற்கும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் பக்கத்து ஊர் வியாபாரி வாங்கிவிட்டார், நாமும் வாங்க வேண்டும் என்ற எண்ணமே பெரிதாக இருந்தது. 2012இல் தமிழ்நாடு முழுவதும் மின்வெட்டு எப்படி இருந்தது என்பதை மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கு வெளியே நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாக மின்சாரம் இல்லாத நாட்கள் இருந்தன. இயந்திரம் நின்றது, வட்டி ஓடியது. மின்சாரம் சீரான பிறகும் என் விற்பனைக்கு அந்த இயந்திரம் வாரத்தில் இரண்டு நாள் ஓடினால் போதுமானதாக இருந்தது. 2014இல் வாங்கிய விலையில் கால் பங்குக்கு விற்றேன். குற்றம் விற்றவர் மேல் இல்லை, மின்சாரத்தின் மேலும் முழுதாக இல்லை. எத்தனை நாள் ஓடும் என்ற கேள்வியை வாங்குவதற்கு முன் நான் கேட்கவில்லை.

அந்த இரண்டு ஆண்டுகளில் நான் எனக்குச் சரக்கு கொடுத்தவர்களுக்குப் பணம் தாமதித்தேன். அவர்கள் அவர்களுக்கு மேலே உள்ளவர்களுக்குத் தாமதித்திருப்பார்கள். ஓர் இடத்தில் நிற்கும் இயந்திரம் எத்தனை கடைப் பேரேட்டில் சிவப்பு மை வைக்கிறது என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

கூடி வைத்துக்கொண்ட வழக்கம்

இது ஒன்றும் புதிய ஞானம் அல்ல. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் பக்கத்தில் வெல்லம் காய்ச்சுவார்கள். கரும்பு போட்டவர் பத்துப் பேர் என்றால் இரும்பு ஆலையும் கொப்பரையும் ஒன்றுதான் இருக்கும். முறை வைத்து வாடகைக்கு எடுத்துக் காய்ச்சுவார்கள். ஆலை ஒரு பருவம் முழுக்க ஓய்வில்லாமல் ஓடும். தனித்தனியாக ஆலை வாங்கியவர் யாரும் இல்லை. இன்றும் நெல் அறுக்கும் இயந்திரத்தை யாரும் சொந்தமாக வாங்குவதில்லை, மணிக்கு இவ்வளவு என்று கூப்பிடுகிறார்கள். வைக்கோல் சுருட்டும் இயந்திரத்துக்குக் கட்டுக்கு இவ்வளவு என்று கொடுக்கிறார்கள். அதில் தெளிவாக இருக்கிற அதே விவசாயி டிராக்டர் என்றவுடன் தடுமாறுவது கௌரவத்துக்காகத்தான்.

பெரிய நாடுகளிலும் இந்தச் சங்கடம் உண்டு. அமெரிக்காவில் ஐம்பது மாடு வைத்திருப்பவரும் சிறு பண்ணைக்காரர்தான். அவருக்கே அங்குள்ள பல்கலைக்கழக விரிவாக்கப் பணியாளர்கள், புல் அறுத்துக் கட்டும் இயந்திரங்களை வாங்குவதைவிடக் காய்ந்த புல்லை விலைக்கு வாங்குவது மலிவா என்று முதலில் கணக்குப் பார்க்கச் சொல்கிறார்கள். ஜெர்மனியில் பவேரியா மாநிலத்தில் எரிஷ் கைர்ஸ்பெர்கர் என்பவர் 1958இல் விவசாயிகளைச் சேர்த்து இயந்திரக் கூட்டமைப்பு ஒன்றைத் தொடங்கினார். ஒருவரிடம் உள்ள இயந்திரம் இன்னொருவருக்கு வாடகைக்குப் போகும், இடையில் ஓர் அலுவலகம் கணக்கு வைத்துக்கொள்ளும். அது பிறகு அந்த நாடு முழுவதும் பரவியது.

நம் நாட்டிலேயே குஜராத்தின் ஆனந்த் என்ன செய்தது? 1946இல் திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் கெய்ரா மாவட்டப் பால் கூட்டுறவு பதிவானது. வர்கீஸ் குரியன் அதை வளர்த்தார். இரண்டு எருமை, மூன்று எருமை வைத்திருந்தவர்கள்தான் உறுப்பினர்கள். குளிரூட்டும் இயந்திரம், 1955இல் வந்த பால்பவுடர் ஆலை எல்லாம் கூட்டுறவின் சொத்து, மாடு மட்டும் வீட்டுச் சொத்து. சிறியவன் மாட்டை வைத்துக்கொள்ளட்டும், பெரிய இயந்திரத்தைக் கூட்டம் வைத்துக்கொள்ளட்டும் என்ற பிரிவினைதான் அதன் பலம் என்பது என் எண்ணம். நம் ஊர் பால் சொசைட்டிகளும் அதே வழியில் வந்தவையே.

அரசும் வழி செய்திருக்கிறது. வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரையும் மற்ற கருவிகளையும் குறைந்த வாடகைக்குக் கொடுக்கிறது. இ-வாடகை என்ற பெயரில் கைப்பேசியிலேயே முன்பதிவு செய்யலாம். பருவ நேரத்தில் காத்திருக்க வேண்டி வரும் என்பது உண்மைதான். ஒரு வாரம் காத்திருப்பதற்கும் மூன்று வருஷம் தவணை கட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தை நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

வணிகர்கள் செய்ய வேண்டியது

நமக்கு ஏன் இந்த வேலை என்று கேட்கலாம். கடன் கொடுப்பவன் நாம். வங்கிக்காரரிடம் அடமானம் உண்டு, நிதிக் கம்பெனிக்காரர் வண்டியையே இழுத்துக்கொண்டு போவார். நம்மிடம் இருப்பது ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும். கடைசியில் ஏமாறுவது நாம்தான். ஆகவே சில யோசனைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, தீவனம் எடுக்கும் அளவைக் கவனியுங்கள். மாட்டின் எண்ணிக்கை குறையாமல் மூட்டை மட்டும் குறைந்தால் அது வரப்போகும் பாக்கிக்கு முன்னறிவிப்பு. அப்போதே கூப்பிட்டுப் பேசுங்கள். ஆறு மாதம் கழித்து வாசலில் நின்று சத்தம் போடுவதில் பயன் இல்லை. உறவும் போகும், பணமும் வராது.

இரண்டாவது, விவசாயக் கடன் அட்டையைப் பற்றிச் சொல்லுங்கள். 2018-19 மத்திய பட்ஜெட்டில் இந்த அட்டை கால்நடை வளர்ப்புக்கும் விரிவுபடுத்தப்பட்டது. தீவனம், மருந்து போன்ற நடைமுறைச் செலவுக்கு ரூ.2 லட்சம் வரை 7 சதவீத வட்டியில் கடன் உண்டு. தவணை தவறாமல் கட்டினால் வட்டி 4 சதவீதமாகக் குறையும். இது நம் தீவனக் கணக்கைத் தீர்க்க வந்த பணம். இதை எடுத்து இயந்திரத்துக்கு முன்பணம் கட்டிவிட வேண்டாம் என்று கையோடு சொல்லி அனுப்புங்கள்.

மூன்றாவது, விலை குறைந்தது என்ற ஆசையில் வாங்குவதைத் தடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அறுபது மணி நேர வேலை வரி குறைந்ததால் ஆயிரம் மணி நேரம் ஆகிவிடாது.

நான்காவது, சிறிய செலவுகளை முதலில் செய்யச் சொல்லுங்கள். ஒரு லிட்டர் பாலுக்கு மாடு நான்கைந்து லிட்டர் தண்ணீர் குடிக்கும். கொட்டகையில் எந்நேரமும் நல்ல தண்ணீர் நிற்க ஒரு தொட்டி, வெயிலுக்கு நிழல், சுத்தமான பால் கேன், கூர்மையான அரிவாள், பழுது பார்த்த மோட்டார். இவற்றுக்கு மாலை போட்டு யாரும் படம் எடுப்பதில்லை. ஆனால் பாலைக் கூட்டுவது இவைதான்.

ஐந்தாவது, இதில் நமக்கும் ஒரு வியாபாரம் உண்டு. வசதி உள்ள வணிகர் ஒருவர் அல்லது இருவர் சேர்ந்து பத்து மாட்டுக்காரர்களுக்குப் பொதுவாக ஒரு கருவியை வாங்கி வாடகைக்கு விடலாம். தட்டை நறுக்கும் பெரிய இயந்திரம், டிராக்டரில் பூட்டும் ரோட்டவேட்டர், சாணம் அள்ளும் டிரெய்லர் போன்றவை பலர் கையில் ஓடினால்தான் வட்டி கட்டும். நம் சங்கத்தின் வட்டாரக் கிளைகள் பால் சொசைட்டியோடு பேசி இதற்கு ஓர் ஏற்பாடு செய்தால் நன்மை இரு தரப்புக்கும் உண்டு. யார் முறை, எவ்வளவு வாடகை, பழுது யார் பொறுப்பு என்பதை முதலிலேயே எழுதி வைக்க வேண்டும். வாயால் பேசித் தொடங்கிய கூட்டு வாய்ச்சண்டையில்தான் முடியும்.

கடைசியாக ஒன்று. இதே மூன்று கேள்விகளை நம் கடைக்குள்ளும் கேட்டுக்கொள்வோம். பாதி காலியாக இரவு பகல் ஓடும் ஐஸ் பெட்டி, வாரத்துக்கு ஒரு லோடுக்காகத் தவணையில் வாங்கிய சரக்கு வண்டி, யாரும் தொடாத பில் போடும் இயந்திரம் ஆகியவை நம்மிடமும் உண்டு. மாட்டுக்காரருக்குப் புத்தி சொல்லும் முன் நம் பின்கட்டை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

என் வாடிக்கையாளர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். வீட்டில் கலந்து பேசி டிராக்டரை விற்றுக் கடனில் பெரும்பகுதியை அடைத்தார். விற்ற அன்று முகம் வாடித்தான் இருந்தது. ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். மெஷினை வைத்துக்கொண்டார். அந்த அம்மாவின் கை வலி இப்போது பரவாயில்லை என்றார். தீவனம் மறுபடி 18 மூட்டைக்கு வந்திருக்கிறது. பழைய பாக்கி இன்னும் முழுதாகத் தீரவில்லை. மாதம் ரூ.1,000 வீதம் கட்டி வருகிறார். நானும் அவசரப்படுத்தவில்லை. அவர் பக்கத்தில் சிவப்பு மை குறைந்து வருவதைப் பார்ப்பதே எனக்குப் போதுமான வட்டி.

வணிகப் பெருமக்களே! உங்கள் கடைக்கு வரும் மாட்டுக்காரர் புதிய இயந்திரம் வாங்கப் போகிறேன் என்று மகிழ்ச்சியோடு சொன்னால் வாழ்த்துங்கள். வாழ்த்திவிட்டு, ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து, வருஷத்துக்கு எத்தனை நாள் ஓடும் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்த மிட்டாயை வாங்கிய அன்றே நான் கேட்டிருந்தால் அந்தக் குடும்பம் ஒரு வருஷம் தவித்திருக்காது. அந்தக் குறை எனக்கு உண்டு. உங்களுக்கு வர வேண்டாம்.